தள்ளி மூடினால் சார்ஜ் நிற்குமா?

கைபேசியில் பயன்படுத்தி முடித்த செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், வேண்டாம் என்பதுதான். கீழக்கரையில் கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் என்பதால் இந்தக் கேள்வி ஏறக்குறைய தினமும் என்னிடம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, ஏர்வாடி, பெரியபட்டினம், வாலிநோக்கம் என்று சுற்றுவட்டாரத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து கைபேசியைச் சரிபார்க்க ஆட்கள் வருவதால், அந்த மாதங்களில் இன்னும் கூடுதலாகவே வருகிறது. கடையில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லும் பதில் யாருக்கும் நிறைவாக இருப்பதில்லை. ஆகவே காரண காரியத்தோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

“தம்பி, இருபது ஆப்பு தெறந்து கெடக்கு, அதான் சார்ஜ் நிக்க மாட்டேங்குது போல” என்று சொல்லிக்கொண்டே ரீசன்ட் பட்டனை அழுத்தி, வரிசையாக வந்து நிற்கும் அட்டைகளை விரலால் மேலே தள்ளிவிடுவதைத்தான் பெரும்பாலோர் செயலிகளை மூடுவதாக நினைக்கிறார்கள். அந்த அட்டைகள், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளைக் காட்டுவதில்லை. நீங்கள் அண்மையில் எவற்றையெல்லாம் திறந்தீர்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. சந்தேகம் இருந்தால் கைபேசியை முழுவதுமாக அணைத்து, மறுபடி ஆன் செய்து, எந்தச் செயலியையும் தொடாமல் ரீசன்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கைபேசிகளில் பழைய அட்டைகள் அப்படியே வந்து நிற்கும். அணைத்த நொடியிலேயே, ஓடும் செயலிகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமில் இருந்தவை எல்லாம் அழிந்துபோயின. ஒரு செயலிகூட உயிரோடு இல்லை. ஆனாலும் அட்டைகள் இருக்கின்றன. செயலியை விட்டு நீங்கள் வெளியேறியபோது கைபேசி எடுத்து வைத்துக்கொண்ட திரையின் நிழற்படம்தான் அந்த அட்டையில் தெரிகிறது. இதைக் கடையில் செய்துகாட்டும்போது வாதாடுகிறவர்கள்கூடச் சற்று நிதானித்து யோசிக்கிறார்கள்.

அப்படியானால் நாம் விட்டுவந்த செயலி என்ன ஆகிறது? ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தகுதிநிலை வைத்திருக்கிறது. கண்ணெதிரே திரையில் இருப்பது முதல்நிலை. பாட்டுப் பாடிக்கொண்டோ வழி காட்டிக்கொண்டோ அறிவிப்புப் பட்டையில் நிற்பது அடுத்த நிலை. வேலை ஏதுமின்றி, திரும்பி வந்தால் உடனே திறக்கட்டும் என்பதற்காக ரேமில் சும்மா வைக்கப்பட்டிருப்பது கடைசி நிலை. நாம் மூடத் துடிக்கும் செயலிகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி நிலையில்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 11-இல் அறிமுகமான ஒரு வசதி, இந்த நிலையில் இருக்கும் செயலிகளை உறையவைத்தே விடுகிறது. உறைந்த செயலிக்கு, கைபேசியின் மூளையான செயலியகத்திலிருந்து (பிராசசர்) ஒரு நொடி நேரம்கூட ஒதுக்கப்படுவதில்லை. புதிதாகத் திறக்கும் செயலிக்கு இடம் போதாமல் போனால், நம்மைக் கேட்காமலேயே, நெடுநாள் தொடாதவை எவை, எளிதில் விட்டுவிடக் கூடியவை எவை என்று பார்த்துக் கைபேசியே வெளியேற்றிக்கொள்கிறது. ஐபோனிலும் இதே கதைதான்: செயலியை விட்டு வெளியே வந்த சில நொடிகளில் அது இடைநிறுத்தப்படுகிறது. இடைநிறுத்தப்பட்ட செயலி ரேமில் இருக்குமே தவிர வேலை எதுவும் செய்வதில்லை.

ரேமில் இருந்தாலே மின்சாரம் செலவாகாதா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கைபேசியில் உள்ள ரேம், தன்னிடம் உள்ள தகவலை மறக்காமல் இருக்க ஒவ்வொரு நொடியும் பலமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய வகையைச் சேர்ந்தது. அந்தப் புதுப்பிப்பு அதில் செயலி நிரம்பியிருந்தாலும் நடக்கும், காலியாகக் கிடந்தாலும் நடக்கும். ஆகவே ரேமைக் காலியாக்கி வைப்பதால் மிச்சமாகும் மின்சாரம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எஞ்சினை அணைத்து நங்கூரம் போட்டு நிறுத்திய வள்ளம் ஒரு சொட்டு டீசலும் குடிப்பதில்லை. அதை ஒவ்வொரு முறையும் மணலுக்கு இழுத்து ஏற்றி, மறுபடி தள்ளி இறக்குவதில்தான் ஆள்பலம் போகிறது. கைபேசியிலும் அந்த இழுப்புக்குச் செலவு உண்டு. முற்றிலும் மூடிய செயலியைத் திறக்கும்போது அதன் கோப்புகள் சேமிப்பகத்திலிருந்து ரேமுக்கு மறுபடி ஏற்றப்பட வேண்டும், செயலி தன் வேலைகளை ஆதியிலிருந்து தொடங்க வேண்டும், பல செயலிகள் தங்கள் சர்வருடன் புதிதாகப் பேசித் தகவலை இறக்க வேண்டும். ரேமில் ஏற்கெனவே இருக்கும் செயலிக்கு இவற்றில் பெரும்பகுதி தேவையே இல்லை. ஒரு நாளைக்குப் பலமுறை வாட்ஸ்அப்பைத் திறந்து, ஒவ்வொரு முறையும் தள்ளி மூடுகிறவர், சார்ஜை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு கூடுதலாகச் செலவழிக்கிறார்.

மீன் ஏலம் நடக்கும் இடத்தில் பணம் அனுப்பும் செயலி திறப்பதற்குள் பின்னால் நிற்பவர் பொறுமை இழப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையிலிருந்து அதே செயலியைப் பலமுறை பயன்படுத்தியவர்தான். ஒவ்வொரு முறையும் மூடிவிட்டதால், ஒவ்வொரு முறையும் சின்னம் தோன்றி, சிம் சரிபார்த்து, நெட் பிடித்து, அதன் பிறகுதான் எண் கேட்கிறது. கூட்டம் அதிகமாகி டவர் திணறும் இடத்தில் இந்தத் தாமதம் இன்னும் நீளும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்காமல் இல்லை. கணினியில் பத்துச் சாளரம் திறந்தால் அது நின்றுபோகும் காலத்தைப் பார்த்தவர்கள் நாம். நோக்கியாவின் சிம்பியன் கைபேசிகளில் ரேம் மிகக் குறைவு. அங்கே திறந்ததை மூடாவிட்டால் உண்மையிலேயே திணறியது. ஆண்ட்ராய்டு வந்த புதிதில், செயலிகளை மொத்தமாகக் கொல்வதற்கென்றே தனிச் செயலிகள் வந்து பெரிதாகப் பரவின. 2010-இல் வெளியான ஆண்ட்ராய்டு 2.2, ஒரு செயலி மற்றொரு செயலியை அப்படி அடியோடு நிறுத்திவிட முடியாதபடி அந்த அதிகாரத்தைக் குறைத்தது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, கைபேசி அசையாமல் திரை அணைந்து கிடக்கும்போது செயலிகளின் நெட் பயன்பாட்டையும் பின்னணி வேலைகளையும் ஒத்திவைத்து, இடையிடையே சிறிது நேரம் மட்டும் அனுமதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 பின்னணிச் சேவைகளுக்கு வரம்பு கட்டியது. 2018-இல் ஆண்ட்ராய்டு 9, எந்தச் செயலியை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறோம் என்று பார்த்து அவற்றை வகைபிரித்து, அரிதாகத் தொடப்படுபவற்றுக்குக் குறைவான அனுமதி கொடுத்தது. 2016 மார்ச்சில், செயலிகளை மூடுவதால் பேட்டரிக்கு நன்மை உண்டா என்று ஒரு வாடிக்கையாளர் ஆப்பிளுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டபோது, அந்நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகி இல்லை என்று நேரடியாகப் பதில் எழுதினார். அதையொட்டி ஆண்ட்ராய்டுப் பிரிவின் தலைவராக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும், மூடுவதால் நிலைமை மிகச் சிறிதளவு மோசமாகலாம் என்ற பொருளில் கருத்துச் சொன்னார். இரண்டு தரப்பையும் உருவாக்கியவர்களே ஒத்துச் சொன்ன ஒரு விஷயம், இத்தனை ஆண்டுகளாகியும் நம் பக்கத்துத் தெருவுக்கு வந்து சேரவில்லை.

சார்ஜ் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது என்பதோடு முடிந்திருந்தால் இதற்காக இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். எங்கள் கடற்கரையில் இந்தப் பழக்கத்தால் இழப்பது வேறு.

கீழக்கரையில் பாதி வீடுகளின் பிழைப்பு வளைகுடா நாடுகளில் இருக்கிறது என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பேச அனுமதி இல்லை என்பதால், துபாயில் இருக்கும் பிள்ளைகள் போட்டிம் என்ற செயலி வழியாகத்தான் வீட்டுக்கு அழைக்கிறார்கள். ஒரு வயதான உம்மா என் கடைக்கு வந்து, “வாப்பா, மவன் மணிக்கணக்கா அடிச்சதாச் சொல்றான், இங்கே ஒரு சத்தமும் வரலை, போன் கெட்டுப்போச்சா பாரு” என்று கைபேசியை நீட்டினார். ஒலிப்பெருக்கி சரியாக இருந்தது, நெட் இருந்தது, ஒலியளவும் முழுதாக இருந்தது. பேத்தி சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் அவர் எல்லா அட்டைகளையும் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டுத்தான் கைபேசியை வைப்பாராம். அவருடைய கைபேசி, தள்ளிவிட்ட செயலியை அடியோடு நிறுத்திவிடும் வகையைச் சேர்ந்தது. போட்டிமை நான் திறந்து வைத்து, வெளியே வந்து, அவர் மகனை அழைக்கச் சொன்னபோது உடனே மணி அடித்தது. ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவில் இத்தனை நாளாக நின்றது ஒரு விரல் அசைவு.

இதன் நுட்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் வங்கிச் செயலியும் செய்திக்காகத் தனித்தனியே காத்துக்கொண்டிருப்பதில்லை. கூகுள் பிளே சேவை என்ற ஒன்றே ஒன்று, எல்லாருக்கும் பொதுவாக ஓர் இணைப்பைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறது. யாருக்குச் செய்தி வருகிறதோ அந்தச் செயலியை மட்டும் அது எழுப்புகிறது. ஆப்பிளிலும் இப்படி ஒரு பொது இணைப்புத்தான். எனவே வாட்ஸ்அப்பைத் தள்ளி மூடினாலும் அந்தப் பொது இணைப்பு அறுபடுவதில்லை, அதற்காகும் செலவும் குறைவதில்லை. கூகுள் வகுத்த முறைப்படி நடக்கும் கைபேசிகளில், தள்ளிவிடப்பட்ட செயலியையும் செய்தி வந்தால் எழுப்ப முடியும். ஆனால் செட்டிங்ஸுக்குள் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்தால், நீங்களாக அந்தச் செயலியை மறுபடி திறக்கும்வரை அதற்கு எந்தச் செய்தியும் போய்ச்சேராது. அது வைத்திருந்த அலாரமும் அடிக்காது. சந்தையில் விற்கும் கைபேசிகளில் சில, பேட்டரி நீடித்து நிற்பதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, சாதாரணமாகத் தள்ளிவிடுவதையே ஃபோர்ஸ் ஸ்டாப்புக்கு நிகராக மாற்றி வைத்திருக்கின்றன. ஐபோனில் தள்ளி மூடிய செயலிக்குச் செய்தி அறிவிப்பு திரையில் வரும். ஆனால் பின்னணியில் அது தானாகத் தகவலைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது நின்றுவிடும்.

அலாரத்தைப் பற்றிச் சொன்னேன். கைபேசியோடு வந்த கடிகாரச் செயலியை விட்டு, தொழுகை நேரத்துக்கென்றோ விடிகாலை கடலுக்குப் போவதற்கென்றோ தனியாக ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு, அதையும் மற்றவற்றோடு சேர்த்துத் தள்ளிவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. பஜ்ருக்குப் பாங்கு ஒலிக்கவில்லை என்று செயலியைக் குறை சொல்வதற்கு முன், இரவில் அதை என்ன செய்தோம் என்று பார்ப்பது நல்லது.

அதைவிடக் கவலை தரும் விஷயம் வானிலை எச்சரிக்கை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மாவட்டம் இது. எச்சரிக்கையின் அருமையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்று ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலை பற்றிய முன்னறிவிப்பையும் மீன் கூட்டம் இருக்கக்கூடிய பகுதிகளையும் அறிவிக்கிறது. வானிலைத் துறைக்கென்று மௌசம் செயலி 2020-இலிருந்து இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியும் இருக்கிறது. இவற்றைப் போட்டு வைத்துக்கொண்டே அன்றாடம் மூடிவிடுகிறவர், காற்று கூடும் என்ற அறிவிப்பு தனக்கு வரும் என்று நம்பிக் காத்திருக்கிறார். நல்லவேளையாக, 2023-இல் நாடு முழுவதும் சோதித்துப் பார்க்கப்பட்டதே, கைபேசி திடீரென்று பெருஞ்சத்தத்தோடு அலறியதே, அந்த அவசர எச்சரிக்கை எந்தச் செயலியையும் நம்பியது அல்ல. அது டவரிலிருந்து நேராகக் கைபேசிக்கு வருவது. எதை மூடினாலும் அது வரும், டவர் கிடைக்கும் இடத்தில் இருந்தால் போதும். ஆனால் அது பெரும் ஆபத்துக்கு ஒலிப்பது. அன்றன்றைய காற்றையும் அலையையும் சொல்கிற சிறு அறிவிப்புகள் செயலி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

சரி, செயலிகள் குற்றவாளி இல்லையென்றால் சார்ஜ் எங்கேதான் போகிறது? கடலுக்குப் போய்வந்த ஒரு கைபேசியின் பேட்டரி பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். டவர் பக்கத்தில் இருக்கும்போது கைபேசி மிக மெல்லிய அலையில் பேசினாலே போதும். தூரம் கூடக் கூட அது தன் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. 4ஜி கைபேசி ஒன்று அதிகபட்சமாக ஏறக்குறைய 200 மில்லிவாட் அளவுக்கு அலையை அனுப்பும், டவரின் அடியில் நிற்கும்போது அதில் ஒரு துளிகூடத் தேவைப்படாது. அப்பாத்தீவையும் முள்ளித்தீவையும் தாண்டிப் படகு போகும்போது சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. டவரே இல்லாமல் போன பிறகு கைபேசி ஓய்ந்துவிடுவதில்லை. எங்கேனும் கிடைக்குமா என்று திரும்பத் திரும்பத் தேடுகிறது. இந்தத் தேடல்தான், பையில் தொடாமல் கிடந்த கைபேசியின் சார்ஜைக் கரைக்கு வருவதற்குள் கரைத்துவிடுகிறது. ராமேசுவரம் தீவுப் பக்கம் போனால் இன்னொன்றும் நடக்கும்: தனுஷ்கோடி அருகில் கைபேசி இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு, நம் டவருக்கும் அதற்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும். அரிச்சல்முனைக்குச் சுற்றுலா வந்தவர்கள் அரைநாளில் சார்ஜ் போய்விட்டது என்று செயலிகளைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே சார்ஜைத் தின்றது டவர் தேடலும், வெயிலில் திரை தெரிய வேண்டும் என்று முழுதாக ஏற்றிவைத்த வெளிச்சமும்தான்.

வெயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் படாமல் இருக்கப் பாலிதீன் உறையில் போட்டு, படகின் மேல்பலகையில் வெயில் படும்படி வைக்கிறார்கள். உறைக்குள் சூடு வெளியேற வழி இல்லை. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் வைத்தால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று ஆப்பிள் தன் பயனர்களுக்கு எச்சரிக்கிறது. எங்கள் ஊரில் பங்குனி தொடங்கினால் நிழலிலேயே 35 டிகிரி வந்துவிடுகிறது. சூட்டில் வதங்கிய பேட்டரியை, எந்தச் செயலியை மூடியும் மீட்டெடுக்க முடியாது.

பிறகு உப்பு. சார்ஜ் நிற்கவில்லை என்று வரும் கைபேசிகளில் நான் முதலில் பார்ப்பது சார்ஜ் போடும் துளையைத்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் நாக்கின் பொன்நிறக் கால்கள் சிலவற்றில் பச்சை பூத்திருக்கும். ஓரங்களில் பஞ்சுபோல் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அதன்மேல் சட்டைப்பையின் நூலும் மணலும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கைபேசி இரவெல்லாம் சார்ஜில் கிடந்தாலும் சரியாக ஏறியிருக்காது. காலையில் பாதியில் நிற்கும் சார்ஜைப் பார்த்து, இரவில் ஏதோ செயலி குடித்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மென்தூரிகையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் கொண்டு துடைத்துக் கொடுத்தால் பல கைபேசிகள் அன்றே சரியாகிவிடுகின்றன. பச்சை அதிகம் ஏறியிருந்தால் அந்தத் துளையையே மாற்ற வேண்டியிருக்கிறது. குண்டூசியால் வீட்டில் யாரும் குத்திக் கிளற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கால்கள் வளைந்தால் இருந்ததும் போய்விடும்.

மூடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. திரையில் சிக்கி நின்று தொட்டால் அசையாத செயலியை மூடித்தான் ஆக வேண்டும்; அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மூடுங்கள் என்றுதான் ஆப்பிளும் சொல்கிறது. எழுதிய விதத்தில் பிழை இருந்தால் ஒரு செயலி பின்னணியிலும் அடங்காமல் ஓடக்கூடும். 2015 அக்டோபரில் ஐபோனின் ஃபேஸ்புக் செயலி அப்படித்தான் சார்ஜைக் குடித்தது; வீடியோவை விட்டு வெளியே வந்த பிறகும் ஒலிக்கான வழியை அது திறந்தே வைத்திருந்ததையும், நெட்வொர்க் பகுதியில் செயலியகத்தைச் சும்மா சுழலவிட்ட பிழையையும் அந்நிறுவனமே கண்டுபிடித்து வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திருத்தியது. இப்படிப்பட்ட நேரத்தில் மூடுவது சரியான மருந்துதான். ஆனால் எந்தச் செயலி என்று பேட்டரி பக்கத்தில் பார்த்து அதை மட்டும் மூட வேண்டும். ஒருவன் செய்த தப்புக்கு ஊரையே தண்டிக்க வேண்டியதில்லை.

வழிகாட்டும் செயலியும் மூட வேண்டியவற்றில் ஒன்று. ராமநாதபுரத்துக்கு வழி போட்டுப் போய்ச் சேர்ந்த பிறகும் அதை முடிக்காமல் பையில் போட்டால், அது ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கும். முடி என்று கொடுத்தால் அதுவே அடங்கிவிடும். கடலில் இதற்கு நேர்மாறு. படகு போன தடத்தைப் பதிவுசெய்யும் செயலியையோ, வலை விட்ட இடத்தைக் குறித்து வைக்கும் செயலியையோ திரும்பி வரும்வரை தள்ளி மூடக்கூடாது. மூடினால் பல கைபேசிகளில் தடம் பாதியில் அறுந்துவிடும். மறுபடி திறந்தால் உடனே இடம் காட்டும் என்றும் நம்ப முடியாது. கரையில் நெட் இருப்பதால் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை விவரம் நொடியில் கிடைத்துவிடுகிறது. நடுக்கடலில் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே நேராக வாங்க வேண்டும். அந்த விவரம் 30 நொடிக்கு ஒரு முறை சுற்றிவருகிறது. இடையில் ஒரு துண்டு தவறினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். வாங்கிய விவரமும் சுமார் நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

வேறொரு நல்ல காரணமும் இருக்கிறது. வீட்டில் ஒரே கைபேசி பலர் கைக்குப் போகிறது. ஏலத்தில் கணக்குக் காட்டவும் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாம் எழுதிக்கொண்டிருந்த செய்தியோ பார்த்துக்கொண்டிருந்த படமோ அட்டையில் தெரியக்கூடாது என்று தள்ளிவிடுவதில் தவறில்லை. அது மானத்துக்காகச் செய்வது, பேட்டரிக்காக அல்ல.

2 ஜிபி ரேம் உள்ள பழைய கைபேசி வைத்திருப்பவர்கள், தங்களுக்காவது மூடுவது உதவாதா என்று கேட்பார்கள். பெரிய விளையாட்டு ஒன்றை ஆடி முடித்துவிட்டு உடனே வேறு வேலை பார்க்க வேண்டுமானால், அந்த ஒன்றை மூடினால் சற்று லேசாகத் தோன்றலாம். மற்றபடி அந்தக் கைபேசிதான் செயலிகளை நம்மைவிட வேகமாகத் தானே வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு உண்மையான உதவி, பயன்படுத்தாத செயலிகளை அடியோடு நீக்குவதும், வாரத்துக்கு ஒரு முறை அணைத்து ஆன் செய்வதும்தான். ரேமைச் சுத்தம் செய்கிறேன், வேகம் கூட்டுகிறேன் என்று வரும் செயலிகளைக் கண்டால் நான் உடையவரைக் கேட்டு நீக்கிவிடுகிறேன். செயலிகளைக் கொல்வதற்காகவே பகல் முழுதும் விழித்திருந்து, நடுநடுவே விளம்பரமும் காட்டுகிற ஒன்று, எப்படிச் சார்ஜை மிச்சப்படுத்தும்?

உண்மையில் எது ஓடுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு, 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் ஒரு வழி இருக்கிறது. மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இரண்டு முறை இழுத்தால், அடியில் இத்தனை செயலிகள் செயலில் உள்ளன என்று ஒரு வரி தெரியும். சில கைபேசிகளில் அதன் இடம் சற்று மாறியிருக்கும். அதைத் தொட்டால் பின்னணியில் மெய்யாகவே வேலை செய்துகொண்டிருப்பவை மட்டும் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே நிறுத்தும் பட்டன் இருக்கும். ரீசன்ட்டில் பதினைந்து அட்டை நின்ற கைபேசியில் இந்தப் பட்டியலைத் திறந்து காட்டினால் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, டவர் முழுவதும் போன பிறகு ஏரோபிளேன் மோடில் போடுங்கள் என்பதுதான். இன்றைய கைபேசிகளில் ஜிபிஎஸ் அந்த நிலையிலும் வேலை செய்கிறது, ஏனென்றால் அது அலையை வாங்குகிறதே தவிர அனுப்புவதில்லை. நம்பிப் போவதற்கு முன் உங்கள் கைபேசியில் கரையிலேயே ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள், வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கரை நெருங்கும்போது மறக்காமல் மாற்றிவிடுங்கள், எச்சரிக்கையும் வீட்டு அழைப்பும் வர வேண்டுமே. ஆபத்து நேரத்துக்குக் கைபேசியை நம்பாமல் படகில் விஎச்எஃப் என்ற வயர்லெஸ் பேச்சுக் கருவியைப் பழுதில்லாமல் வைத்திருப்பது தனிக்கடமை.

கரையில் இருப்பவர்களுக்கு வேறு அமைப்பு. செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, செயலி விவரத்துக்குள் போய், பேட்டரி என்ற இடத்தைத் திறந்தால், ஆண்ட்ராய்டு 12 முதல் பெரும்பாலும் மூன்று தெரிவுகள் இருக்கும்: கட்டுப்பாடில்லாதது, கைபேசியே பார்த்துக்கொள்வது, கட்டுப்படுத்தப்பட்டது. போட்டிம், வாட்ஸ்அப், வானிலைச் செயலி, பாங்கு சொல்லும் செயலி ஆகியவற்றுக்கு முதல் தெரிவைக் கொடுங்கள். அறிவிப்பு அனுப்பித் தொல்லை கொடுக்கிற கடைச் செயலிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் மூன்றாவதைக் கொடுங்கள். மற்றவை நடுவில் இருக்கட்டும். சில கைபேசிகளில் ரீசன்ட் அட்டையை அழுத்திப் பிடித்தால் பூட்டுக் குறி ஒன்று வரும். அதைப் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் தள்ளினாலும் அந்த ஒன்று நிற்கும். பழக்கத்தை விட முடியாத பெரியவர்களின் கைபேசியில் நான் இதைத்தான் செய்துகொடுக்கிறேன்.

புதுக் கைபேசி விற்கிற என் தொழில்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கண்ணாடி ஒட்டி, உறை போட்டு, சிம் மாற்றிக் கொடுக்கும்போதே, வாங்குகிறவர் யாரிடம் பேசுவார், கடலுக்குப் போகிறவரா, வீட்டில் இருக்கும் உம்மாவுக்கு வாங்குகிறாரா என்று இரண்டு வார்த்தை கேட்டு, அதற்கேற்ற செயலிகளுக்கு இந்த அனுமதியையும் போட்டுக் கொடுங்கள். கண்ணாடி ஒட்டும் நேரம்கூட அதற்கு ஆகாது. அழைப்பு வரவில்லை என்று அவர்கள் அலைந்து திரிந்து என் கடைக்கு வருவதை விட, உங்கள் கடையிலேயே அது முடிந்துவிடுவது மேல்.